ஒண்ணும் தெரியல

எங்களுக்கு அவர் பெயர் வைத்தாரே தவிர, எங்கள் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. கதவிடுக்கில் தலையை நீட்டி, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். "வயிறு, உள்ள வா. கால்புண்ணு, நீ அப்புறம். காது, அங்க நின்னு தேய்க்காத, போய் உக்காரு." என் அக்கா பத்து வயதிலிருந்து இருபத்தொரு வயது வரை அந்தப் பெஞ்சில் 'நெஞ்சு'. அவளுக்குத் துணையாகப் போகிற நான் 'நெஞ்சோட தங்கச்சி'. ஆகவே அவருடைய பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு தடவை ஒரு கடித உறையின் மேல் படித்திருக்கிறேன். நாங்கள் எல்லோரும் அவரை டிரசர் என்றே சொன்னோம், இங்கேயும் அதுவே போதும்.

பினாங்குப் பட்டணத்தில், கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒரு வெள்ளைக்கார டாக்டரின் மருந்துச்சாலை இருந்தது. டிரசர் அங்கே புண் கழுவுவார், கட்டுப் போடுவார், மிக்ஸ்சர் கலக்கிப் புட்டியில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதப் பட்டை ஒட்டுவார். இதெல்லாம் வெளியே தெரிகிற வேலை. அவருடைய அசல் வேலை டாக்டருக்கு வாயாக இருப்பது. துரைக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. துரை பேசுகிற பசார் மலாய், கடைத்தெரு மலாய், சமையல்காரனை அதட்டுவதற்குத்தான் காணும். ஈரல், இருதயம் என்று வந்துவிட்டால் அவருக்கே குழம்பிவிடும். அதனால் துரைக்கும் எங்களுக்கும் நடுவில் டிரசர் நின்றார்.

நெட்டையான ஆள். வெள்ளைக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். நடந்தால் பூட்ஸ் கீச்கீச்சென்னும். காதில் ஒரு பென்சில் இருக்கும், அதைக் கட்டி கீறுகிற கத்தியால் சீவுவார். சும்மா சீவ மாட்டார், கட்டியோடு வந்தவன் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துதான் சீவுவார். அவன் எச்சில் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "பென்சிலுக்கே வலிக்கல, ஒனக்கென்ன?" என்பார். சும்மா சொல்லக் கூடாது, கை சுத்தம். கீறியது தெரியாமல் கீறிவிடுவார். வாய்தான் அப்படி.

அவருடைய குணம் என்று நான் சொல்ல வந்தது இதுவல்ல. சுருக்கம். அதுதான் அவர். துரை நல்ல மனிதர், நோயாளியின் கண்ணைப் பார்த்துக் கால்மணி நேரம் பேசுவார். கையை அசைப்பார், தலையைச் சாய்ப்பார், நடுவில் இரக்கமாகச் சிரிப்பார். டிரசர் ஜன்னலைப் பார்த்தபடி அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி ரெண்டு வார்த்தை சொல்வார். மூன்றாவது வார்த்தை கேட்டால் மூக்கு விடைக்கும். "அவ்வளவு நேரம் பேசினாரே ஐயா?" என்று யாராவது இழுத்தால், "துரைக்குப் பொழுது போவல, பேசுறாரு. எனக்கு வேலை இருக்குலா" என்பார், பினாங்கு வழக்கப்படி பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டி.

ஒரு தடவை அக்கரையில் பத்து காவான் என்கிற தோட்டத்திலிருந்து ஒருவர் படகேறி வந்திருந்தார். கட்டை விரலில் ஆரம்பித்த புண் கணுக்கால் வரை கறுத்திருந்தது. துரை அவர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தோளில் கை வைத்து, வெகுநேரம் பேசினார். பேசி முடித்ததும் டிரசரைப் பார்த்தார்.

"கால் போவுது" என்றார் டிரசர்.

அவருக்குப் புரியவில்லை. "எங்கங்க போவுது?"

"ஒன்ன விட்டுத்தான். வியாழக்கெழம வா."

கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எனக்கு அப்போது பதினோரு வயதிருக்கும், நானும் சிரித்தேன். அந்த மனிதர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். வியாழக்கிழமை அவர் வரவே இல்லை.

இன்னொரு நாள் ஒரு அம்மாள் புருஷனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்திருந்தாள். "பொழைப்பாரா ஐயா, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். துரை சொன்னதில் 'மேபி' என்ற வார்த்தை மூன்று தடவை வந்ததை நான் கேட்டேன். அப்போது நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். டிரசர் அந்த அம்மாளிடம், "வெள்ளக்காரன்கிட்ட மேபின்னு ஒரு வார்த்தை இருக்கு. அது நமக்குச் சரிப்பட்டு வராது. கூட்டிட்டுப் போயி கஞ்சி குடு" என்றார். அவள் பிழைப்பார் என்று எடுத்துக்கொண்டாளா, பிழைக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பத்து வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது நெஞ்சில் எதையோ விட்டுவிட்டுப் போனது. நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு வாங்கும், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். துரை குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிறையச் சொன்னார். டிரசர், "உள்ள ஊதுது" என்றார். என்ன ஊதுகிறது, எதனால், நிற்குமா? அதெல்லாம் கிடையாது. உள்ளே ஊதுது. அந்த ரெண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் வீடு பதினோரு வருஷம் வாழ்ந்தது. அம்மா பக்கத்து வீட்டாரிடம் அதையே சொல்வாள், அப்பா துறைமுகத்தில் தன் கீழ் வேலை பார்ப்பவர்களிடம் அதையே சொல்வார். அக்காவே படியேறி வந்து நின்று, "ஊதுதுடி" என்று சிரிப்பாள்.

அவளைச் சேர்ப்பதற்காக அப்பா இங்கிலீஷ் மிஷன் பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருந்த இடம் எனக்கு வந்தது. அவள் சிலேட்டும் எனக்கே வந்தது. அதற்குப் பதில் மாதிரி அவளுடைய மிக்ஸ்சர் புட்டி என் கையில் ஏறிற்று. எட்டு வயதிலிருந்து வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை அவளோடு போவேன், புட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். அவள் மெல்ல நடப்பாள், நானும் மெல்ல நடக்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால் ஊரே படியேறும், நான் மட்டும் அவளோடு அடிவாரத்தில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் மேல் எனக்கு உயிர். அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டால் எரிச்சலும் வரும். ரெண்டும் நிஜம்.

அவளுக்கு இருபத்தொன்று ஆனபோது எதிர்க்கரை ஊரான பிறையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரயில் கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணி, அமைதியான பிள்ளை, அக்காவைக் கோயிலில் பார்த்துப் பிடித்துப் போய்த் தானாகக் கேட்டு வந்தான். அவன் அம்மாதான் கெட்டி. பொண்ணு லட்சணம்தான், ஆனால் நெஞ்சு விஷயம் ஒன்று காதில் விழுந்ததே, அதைத் தீர்த்துக்கொண்டு தட்டு மாற்றலாம் என்று சொல்லிவிட்டாள். அதே சமயத்தில்தான் துரை எங்கிருந்தோ பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். இருதயம் துடிப்பதைப் படமாக எடுக்குமாம். பட்டணம் முழுக்க அதே பேச்சு. சரி, படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ரெண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள்.

அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரெண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் நிறைத்த பேசின்கள். வலது கை ஒன்றில், இடது கை ஒன்றில். இடது கால் ஒரு வாளிக்குள். மூன்றிலிருந்தும் கம்பி போய்ப் பெட்டிக்குள் சேர்ந்தது. அம்மா வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "ஐயா, புள்ளைக்குள்ள கரண்டு உடாதீங்கய்யா!"

"நான் எங்க உடுறேன்? அவகிட்டருந்துதான் கரண்டு வருது, பெட்டி வாங்கிக்குது" என்றார் டிரசர்.

"என்கிட்டயா?" என்று அக்கா சிரித்துவிட்டாள். "அப்ப வீட்டுல வெளக்கு எரிக்கலாமா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் பின்னால் போய் நின்று, முகவாயை ரெண்டு விரலால் லேசாகப் பிடித்து நிமிர்த்தி, "ஆடாத. மூச்ச மெதுவா உடு. அவ்வளவுதான், நல்லாருக்கு" என்றார். அத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அம்மாவுக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. நானும் அவரைப் பற்றி அதுவரை நினைத்ததையெல்லாம் மாற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பெட்டிக்குள் விளக்கு அணைந்ததும் அவர் கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டார். "ஆடினா கண்ணாடித் தட்டு வீணாப் போவும்லா, அதுக்குத்தான்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைக் காட்டக் கூப்பிட்டார்கள். நாங்கள் நாலு பேரும், மாப்பிள்ளையின் அம்மாவும் போயிருந்தோம். இருதயம் படத்தில் மாம்பழம் மாதிரி இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது ஒரு கறுப்புக் காகிதம். அதில் வெள்ளையாக ஒரு கோடு, குழந்தை கிறுக்கின மாதிரி ஏறி இறங்கி நடுங்கிக்கொண்டு போயிற்று. துரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பேசினார்.

அவர் பேசியது அத்தனையும் எனக்குப் புரிந்தது. எனக்குப் பதினாறு வயது, ஏழு வருஷ இங்கிலீஷ். அவர் சொன்னது இதுதான். இந்தப் படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோடு நடுங்குகிறது. நடுக்கம் இயந்திரத்தில் வந்ததா, இந்தப் பெண்ணின் இருதயத்தில் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தன்னால் முடியாது. இருதயத்தில் என்றால் அது நல்லதல்ல. இயந்திரத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பிச் சரி பார்க்க வேண்டும், மூன்று மாதம் ஆகும், மறுபடி எடுப்போம். அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம். கல்யாணம்கூடப் பரவாயில்லை, பிள்ளை உண்டானால் இந்த நெஞ்சு தாங்காமல் போகலாம். இதை அவர்கள் வீட்டாருக்கு ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

டிரசர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"படத்துல ஒண்ணும் தெரியல."

இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்க்கை அந்த வார்த்தையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், கெடுதலாக ஒன்றும் கண்ணில் படவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். பார்த்ததில் ஒன்றும் புரியவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் யார் ரெண்டாவதை எடுப்பார்கள்?

"ஒண்ணும் தெரியலையா! முருகா, என் வயித்துல பால வார்த்த!" என்று மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துரை டிரசரிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றார் டிரசர். அழுகிறவர்களைப் பார்த்துத் துரை வருத்தமாகத் தலையை அசைத்தார். கெட்ட சேதியைக் கேட்டு அழுகிறார்கள் என்று அவர் நினைத்தார், பாவம்.

மாப்பிள்ளையின் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இல்ல ஐயா, தொரை அம்புட்டு நேரம் பேசினாரே, வேற ஒண்ணும் சொல்லலையே?" என்றாள்.

டிரசர் என்னைப் பார்த்தார். அவருக்கு என் படிப்பு தெரியும், புட்டியில் ஒட்டிய இங்கிலீஷை நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டிருக்கிறார். "நெஞ்சோட தங்கச்சி இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். அவளயே கேட்டுக்கோங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள்.

நான் தலையை ஆட்டினேன். "வேற ஒண்ணுமில்ல" என்ற ஆட்டல்.

ஏன் என்று கேட்டால் ரெண்டு காரணம் சொல்வேன். ஒன்று கேட்பவர்களுக்கு, ஒன்று எனக்கு. அக்காவின் முகம் அப்படி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு வேறு எதுவும் சொல்ல என்னால் முடியவில்லை. இது கேட்பவர்களுக்கு. அவள் போய்விட்டால் இனி வெள்ளிக்கிழமை புட்டி தூக்க வேண்டாம், மெல்ல நடக்க வேண்டாம், அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுக்க வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரே கணம்தான். தலை ஆடுவதற்கு அது போதுமே.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் கேட்டது தண்ணீர்மலை. மறுநாள் காலை ரெண்டு பேரும் போனோம். பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றாள். உதடு கறுத்தது. "பயந்து பயந்து உக்காந்துட்டேண்டி, அதான் பழக்கம் விட்டுப் போச்சு" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறினாள். மேலே போய்ப் பட்டணத்தையும் கடலையும் தூரத்தில் பிறைக்கரையையும் பார்த்தபோது குழந்தை மாதிரி கை தட்டினாள். "அதோ, அங்கதான் எங்க வீடு" என்றாள். இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் எங்க வீடு! அவளை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கல்யாணமாகிப் பதினோரு மாதம் இருந்தாள். ஏழாம் மாதம் வயிற்றோடு படுத்தாள். தகவல் வந்து நான் படகேறிப் போனபோது தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடுமாம். கால் ரெண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சை இழுத்து, "படத்துல... ஒண்ணும் தெரியலன்னாங்களேடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அன்று மத்தியானம் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் மருந்துச்சாலைக்குப் போனேன். பெஞ்சு நிறைய ஆட்கள். நான் அவர்களுக்கு நடுவில் நின்று கத்தினேன். பாவி, கொலைகாரா என்றெல்லாம் சொன்னேன். டிரசர் ஒரு பையனின் முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டு, நுனியைக் கத்தரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்க!"

"ஆமாலா. ஒண்ணும் தெரியலன்னுதான் சொன்னேன். தொரைக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இல்லன்னு எப்பச் சொன்னேன்? ஒனக்குத் தமிழ் தெரியாதா?" கத்தரிக்கோலைத் தட்டில் போட்டார். "நம்ம எல்லாரையும் விட ஒனக்குத்தானே நல்லாத் தெரிஞ்சுது. நீ ஏன் சொல்லல?"

அவர் பெஞ்சின் பக்கம் திரும்பினார். "அடுத்தது யாரு? வயிறு, வா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. படித்து முடித்து ஆயர் ஈத்தாம் என்கிற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஆனேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கேள்விக்கு எழுந்து 'தெரியவில்லை' என்று சொன்னால் உட்கார விட மாட்டேன். "என்ன தெரியல? கண்ணுக்குத் தெரியலையா, புத்திக்குத் தெரியலையா? சரியாச் சொல்லு" என்று நிற்க வைத்துவிடுவேன். பிள்ளைகள் எனக்கும் ஏதோ பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று வருஷம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, பசாரில் சாமான் கடை வைத்திருந்த சீனத்தி என்னை வழியில் மறித்தாள். அந்தப் பக்கத்தில் யாருக்கு இங்கிலீஷில் கடிதாசி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கடை மாடியில் ஒரு தமிழ்க் கிழவர் குடியிருக்கிறார், சாகித், உடம்புக்கு முடியவில்லை, நெஞ்சு சாகித், படியிறங்க மாட்டேன் என்கிறார், ரெண்டு நாளாக ஒரு கடிதாசியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கவில்லை, கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று மலாயில் கெஞ்சினாள். ஏறினேன்.

பிரம்பு நாற்காலியில் கழுத்துவரை பொத்தான் போட்ட பழைய வெள்ளைக் கோட்டு. கண் ரெண்டிலும் பூ விழுந்திருந்தது. ஒரு காலில் துணி சுற்றியிருந்தது, சர்க்கரை வியாதி பல வருஷமாக. வலது கை இடது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. என் செருப்புச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார்.

"வாத்தியாரம்மாவா? உக்காருங்க, உக்காருங்க." என்னை மரியாதையாகப் பேசினார். "மாசக்கணக்கா நெஞ்ச அழுத்துது. புது டாக்டர் ஒருத்தர் படம் எடுத்தாரு. இப்பல்லாம் உப்புத் தண்ணி கெடையாதாம், பட்டை கட்டி எடுக்குறாங்க. கழுவிப் பாத்து எழுதி அனுப்புறேன்னாரு. எழுதிட்டாரு. எனக்கு எழுத்துத் தெரியலம்மா. படிங்க. ஒரு வார்த்தை விடாமப் படிங்க."

ஒரு வார்த்தை விடாமல்! நான் உறையை வாங்கினேன். அப்போதுதான் அவர் பெயரைப் படித்தேன். சாதாரணமான, அழகான பெயர்.

கடிதத்தில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். படம் மிகத் தெளிவாக வந்திருக்கிறது. உங்கள் இருதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நெஞ்சில் அழுத்துவது வயிற்று வாயு, அதற்கு மருந்து அனுப்புகிறேன். பயப்படாமல் படி ஏறி இறங்கலாம். தினமும் நடக்க வேண்டும், சர்க்கரைக்கும் காலுக்கும் அது அவசியம். அவ்வளவுதான், ஆறே வரி. அதைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் திறந்தேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"என்னைத் தெரியுதா? நெஞ்சோட தங்கச்சி."

"எந்த நெஞ்சு?"

"உப்புத் தண்ணில கைய வச்சுப் படம் எடுத்தீங்க. கல்யாணம் கட்டிப் பிறைக்குப் போனா. ஒண்ணும் தெரியலன்னு சொன்னீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிக்கவில்லை, அது எனக்குத் தெரிந்தது. "எத்தனையோ நெஞ்சு வந்துச்சும்மா. எதுன்னு சொல்றது?"

"தொரை அவ்வளவு சொன்னாரே, அத ஏன் அவங்ககிட்ட முழுசாச் சொல்லல? அத மட்டும் சொல்லுங்க, நான் படிக்கிறேன்."

"அப்ப மணி என்ன இருக்கும்?"

"பன்னெண்டு."

"அப்பப் பசிச்சிருக்கும்லா" என்றார். "காலையில ஆறு மணிக்கு வர்ற ஆளு நான். பன்னெண்டானா கண்ணக் கட்டும்." லேசாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டி, காற்றில் கடிதத்தைத் தட்டினார். "படிங்க வாத்தியாரம்மா, படிங்க."

பத்து வருஷமாக நான் அவரை ராட்சசனாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே செய்தார், எங்கள் மேல் ஏதோ வன்மம், இல்லாவிட்டால் விளையாட்டு என்று. ஒன்றும் இல்லை. சோற்று நேரம்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். மாடியை விட்டு இறங்கவே இல்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தார் என்று சீனத்தி சொன்னாள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வாராம். அந்தக் கடிதத்தை வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம், பட்டணத்தில் படித்தவர்களுக்கா பஞ்சம்? சொல்லவில்லை. டாக்டர் கூப்பிட்டும் போகவில்லை. கேட்கப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவரை நெஞ்சு கொண்டுபோகவில்லை, கால் புண் கொண்டுபோயிற்று. நான் சாவுக்குப் போகவில்லை. வருந்துகிறாயா என்று என்னையே நான் கேட்டுக்கொள்வதுண்டு. சில நாள் வருந்துகிறேன். எல்லா நாளும் என்று சொன்னால் பொய்.

அன்று மாடியில், கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டேன். உறையை அவர் கையில் வைத்தேன்.

"படத்துல ஒண்ணும் தெரியல" என்றேன்.

"ஒண்ணும் தெரியலையா! அப்பாடா!" மூச்சை விட்டுப் பின்னால் சாய்ந்தார். முகமெல்லாம் மலர்ந்தது. நான் எழுந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன், பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"இருங்க. எந்தத் தெரியல?"

நான் நின்றேன்.

"இல்லன்னு எழுதியிருக்கா, புரியலன்னு எழுதியிருக்கா? அம்மா, எந்தத் தெரியல?" பூ விழுந்த கண்கள் என்னை அறை முழுக்கத் தேடின. கை மறுபடி மணிக்கட்டுக்குப் போய்விட்டது. "தங்கச்சி... நெஞ்சோட தங்கச்சி... ஒம் பேரு என்னம்மா?"

கீழே சீனத்தியின் கடையில் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டும் அடித்து முடியும்வரை நின்றேன்.

"பசிக்குதுலா" என்றேன். படியிறங்கிப் போய்விட்டேன்.